வியாழக்கிழமைச் சுவர்

குருபரப்பள்ளியில் சென்னப்பன் வீட்டுச் சமையலறையின் கிழக்குச் சுவரை ஏழு முறை இடித்தார்கள். ஏழு முறையும் அது வியாழக்கிழமை விடியும்போது பழைய இடத்தில், பழைய உயரத்தில் நின்றது. அந்த ஆனி மாதம் தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பறிக்கிற கூலிக்கும் கட்டாது என்று தளிப் பக்கத்து விவசாயிகள் பழத்தைச் செடியிலேயே விட்டிருந்தார்கள். ஊர் பேசுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. சுவரைப் பார்க்க முதல் இரண்டு வாரம் கொஞ்சம் கூட்டம் வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து பக்கத்து வீட்டு வெங்கடம்மா மட்டும் வாயில் பல்பொடியோடு எட்டிப் பார்த்து, வந்துவிட்டதா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஐந்தாவது வாரம் சூளகிரியிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, சென்னப்பனுக்கு வேறு இடத்தில் வேலை செய்ய ஒழிவு இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இருக்காது என்றதும் டீ குடித்துவிட்டுப் போனார். சென்னப்பன் இறந்து அப்போது இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது.

அவர் ஓசூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் கொல்லையில் ஏர் பிடித்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் அவர்தான். கம்பெனிக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. கரண்டு பற்றாக்குறைக் காலத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் என்று ஒதுக்கியபோது அங்கே விழுந்தது வியாழன். பிறகு கரண்டு சரியாகிவிட்டது. வியாழன் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மகன் இளம்பரிதி பிறந்த வருடம் அவர்களிடம் இருந்தது மூன்று சென்ட் மனையும் ஓலை போட்ட ஓர் அறையும்தான். சமையல் பின்னால், வெட்டவெளியில். ஐப்பசி மழை கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்த ஒரு மதியம், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், இடுப்பில் குழந்தையும் கையில் குடையுமாக நின்ற மனைவி முனிலட்சுமியைப் பார்த்தார். குடை அவளுக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. சோற்றுப் பானைக்குப் பிடித்திருந்தாள். அடுத்த வியாழக்கிழமை அரை லோடு செங்கல் வந்து இறங்கியது. அதுவரை அவர் கொத்தனார் கரண்டி பிடித்ததில்லை. ஆனால் இரும்பில் முடியளவு பிசகையும் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவர் என்று பெயர் வாங்கியிருந்ததால், செங்கல்லுக்குப் போய் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு எதற்கு என்று நினைத்துவிட்டார். அந்தச் சுவர் ஆறு வியாழக்கிழமையில் எழும்பியது. மேல்வரி போட்டு முடித்தபோது அது ஒரு கட்டைவிரல் அகலம் கிழக்கே சாய்ந்திருந்தது.

அதன்பின் பதினோரு வருடம், கம்பெனிக்கு லீவு விட்ட நாளெல்லாம் அந்த வீடு வளர்ந்தது. அவர் கொத்தனார், அவள் சித்தாள். மற்ற ஆறு நாளும் ஷிப்டு மாறி மாறி வந்ததில், ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருப்பார். பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் வியாழக்கிழமைக்கு என்று எடுத்து வைத்து, கலவை குழைக்கும்போது பேசிக்கொண்டார்கள். இளம்பரிதியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதை நடுஅறைச் சுவர் எழும்பும்போது முடிவு செய்தார்கள். அவளுடைய அம்மா இறந்த துக்கத்தை அவள் குளியலறைக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தபடி அழுது தீர்த்தாள். எல்லாச் சுவரும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருந்ததால் உள்ளே இருப்பவர்களுக்கு வீடு நேராகவே தெரிந்தது. ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது, ஒரு புதன்கிழமை, கம்பெனி பஸ் குருபரப்பள்ளியில் நின்றது. ஜன்னலோர இருக்கையில் இருந்த சென்னப்பன் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று தட்டிப் பார்த்தார்கள். மறுநாள் வார விடுமுறை என்பதால், லீவு போடாமலே அவருடைய ஷிப்டு ஆட்கள் எல்லோரும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள்.

வீட்டை எடுத்துக் கட்டவேண்டிய காரணம் ரோடு. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் அது மூன்றடி ஏறிவிட்டது; வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. போன ஐப்பசியில் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் கட்டில் கால் வரை வந்து நின்றது. இளம்பரிதியின் மனைவி ரூபா, ஓசூரில் ஒரு கம்பெனியில் போன் உதிரிபாகம் சோதிக்கிறவள், மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தை மாதம் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கும்போது சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் குழந்தை பிறக்கிற மாதம் அதே ஐப்பசி. தண்ணீர் நிற்கிற வீட்டுக்குள் பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதா, வழக்கத்தை மீறுவதா என்று மூன்று வாரம் யோசித்து, கடைசியில் பிள்ளைத்தாச்சி வேறு வீட்டில் இருந்தால் வழக்கத்துக்குப் பங்கமில்லை என்று முடிவு செய்தார்கள். சூளகிரியில் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. தன் மகள் குடிவரப் போவதால் கார்த்திகை வரைதான் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் சாவி கொடுத்தார். இடித்து, தரையை மூன்றடி தூக்கி, கட்டி முடிக்க அதுவரைதான் காலம்.

மூன்று பேரும் போவதாகத்தான் பேச்சு. சாமான்களை மூட்டை கட்டுகிற அன்று முனிலட்சுமி தன் பாயையும் அடுப்பையும் மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் போங்கடா. நான் இருக்கறன்” என்றாள்.

“புழுதிலயா? உனுக்கு வீசிங் இருக்குதும்மா. டாக்டரு என்னா சொன்னாரு?”

“புதுச் செவுத்துக்குக் காலைலயும் சாயங்காலமும் தண்ணி காட்டணும். கம்பி கெடக்குது, சிமெண்டு கெடக்குது. எவன் பாப்பான்?”

வேலியோரம் நின்ற வெங்கடம்மா சிரித்தாள். “ஏமே, கம்பிக்கு நீ காவலா, உனுக்குக் கம்பி காவலா?”

“உனுக்கு வேல இல்லியா? அடுப்புல என்னமோ தீயுது பாரு” என்றாள் முனிலட்சுமி.

ரூபா மாமியாரின் இன்ஹேலரை எடுத்து அந்தப் பாயின் மேல் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். முன்னறையை முனிலட்சுமிக்கு விட்டுவிட்டு, பின்னாலிருந்து இடித்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடாயிற்று.

மேஸ்திரி தங்கதுரை திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ஓசூர்ப் பக்கம் கட்டடம் கட்ட வந்து இருபது வருடமாகத் திரும்பிப் போகாதவர். வைகாசியில் ஒரு சனிக்கிழமை சமையலறையை இடித்தார். முனிலட்சுமி அடுப்பைப் பழைய இடத்திலேயே, தார்ப்பாய்க்கு அடியில் வைத்துச் சமைத்தாள். இருபத்தேழு வருடத்துக்கு முன்பு சமைத்த அதே வெட்டவெளி. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அஸ்திவாரத்தின் மேல் கல் வைத்து உயர்த்தினார்கள். வியாழக்கிழமை காலை அவள் பல் துலக்கப் பின்பக்கம் போனபோது கிழக்குச் சுவர் நின்றது. காலண்டர் மாட்டும் ஆணி இருந்தது. கலவை ஈரமாக இருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பல் துலக்கி முடித்தாள். பிறகு இரண்டு தம்ளர் காபி போட்டு, ஒன்றைக் குடித்தாள்.

தங்கதுரை வந்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். முதலில் கோபம், யாரோ தன் வேலையைக் கெடுக்கிறார்கள் என்று. பிறகு சுற்றிவந்து பார்த்து, ஒரே ஆள், சித்தாள்கூட இல்லாமல், ஒரே ராத்திரியில் இத்தனை கட்டியிருப்பதைக் கண்டு கொஞ்சம் மரியாதை வந்தது. இருந்தாலும் தொழில்காரர் இல்லையா, வாய் சும்மா இருக்கவில்லை.

“வேகம் இருக்குதுமா, இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு கட்டவெரலு சாயுது பாருங்க. ஒரு நூலு கட்டிப் பாத்திருக்கக் கூடாதா மனுசன்?”

“மழைக்கு நின்னுது மேஸ்திரி, இருவத்தேழு வருசம். ஒரு சொட்டு உள்ள வர்ல. கொற சொல்லாதீங்க” என்றாள். அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டது அன்று ஒரு முறைதான்.

வெள்ளிக்கிழமை அவர் கடப்பாரை போடமாட்டார். சனிக்கிழமை இடித்தார். அடுத்த வியாழன் சுவர் வந்தது. மற்றச் சுவர்கள் ஒன்றும் வரவில்லை. ஒரு ஆளால் ஒரு ராத்திரியில் ஒரு சுவர்தான் முடியும், அதற்குச் சென்னப்பன் இதைத்தான் தேர்ந்துகொண்டார். இடிபாட்டை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிப் பார்த்தார்கள். அப்போதும் செங்கல் குறையவில்லை. இளம்பரிதி தன் கம்பெனியிலிருந்து ஒரு கேமரா வாங்கிவந்து மாமரத்தில் கட்டினான். சுவர் இல்லாத படம் ஒன்றும் சுவர் இருக்கிற படம் ஒன்றும் கிடைத்தன; இரண்டுக்கும் நடுவில் கரண்டு போயிருந்தது. பழைய உயரத்தில் ஒரு சுவர் குறுக்கே நிற்கும்போது மண் நிரப்ப முடியாது. மண் நிரப்பாமல் தரை போட முடியாது. ஏழு வாரம் போயிற்று. ரூபாவுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, பஸ் ஏறிவந்து, மாமியாருக்குக் குழம்பு கொடுத்துவிட்டு, கட்டப்படாத வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாள்.

“அத்த, அவரு யாருக்குக் கட்றாருன்னு எனக்குத் தெரியும்” என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. “நீங்க வெட்டவெளில ஆக்கிகினு இருக்கறவரைக்கும் அவரு கட்டுவாரு.”

முனிலட்சுமி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

“கார்த்திகைல அந்த வூட்ட உட்டுட்டு, நான் புள்ளயத் தூக்கிகினு எங்க போறதுன்னு மட்டும் சொல்லுங்க.”

ரூபா சொன்னது முனிலட்சுமிக்கு முதல் வியாழனே தெரியும். தெரிந்ததனால்தான் அதன்பிறகும் சூளகிரிக்குப் போகவில்லை. புதன்கிழமை மதியமே அவளுக்கு மார்பு இறுக ஆரம்பித்துவிடும். அது புழுதியால்தான் என்று அவள் சொல்லிக்கொள்வாள். போய்விட்டால் சுவர் வராது. வராவிட்டால் அவளுக்கு வியாழக்கிழமை என்று ஒன்று இருக்காது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுக்கென்று ஒருவர் செய்கிற வேலை அது. அதை ஒவ்வொரு சனிக்கிழமையும் இடிப்பதைப் பார்த்துக்கொண்டும், ஒவ்வொரு வியாழனும் எழுந்து பார்த்துக்கொண்டும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருந்துவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பேரப்பிள்ளையை நினைத்தால் மட்டும் அந்த நினைப்பு பாதியில் நின்றுவிடும்.

ஏழாவது வியாழக்கிழமை தங்கதுரை வேலைக்கென்று வரவில்லை. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் கலவைச் சட்டிகளை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவதாகச் சொல்லத்தான் வந்தார். சொல்வதற்கு முன்னால் வழக்கம்போல் சுவரைத் தடவிப் பார்த்தார். கீழ்வரியிலிருந்து மேலே தடவிக்கொண்டே போனவர் பாதியில் நின்றார். திரும்பவும் கீழிருந்து தடவினார்.

“இங்க வாங்கமா. நீங்க சித்தாளு வேல பாத்தவங்கதான? இத்தப் பாருங்க.”

அவள் வந்தாள்.

“மொத வாரம் கட்டனது ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ஒரு வெரலு கலவ. அளவு வச்ச மாதிரி. இது பாருங்க, ரெண்டு வெரலு, மூணு வெரலு. கல்லத் தூக்கி அமுக்க முடியல. கலவயக் கொட்டி மேல வச்சிட்டுப் போயிருக்காரு. இங்க வழிக்கவே இல்ல, வழிஞ்சது அப்பிடியே காஞ்சிருக்குது.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சாய்ஞ்சிதுன்னு சொன்னன், அது தப்புதான். அது பழக்கம். இது அது இல்ல. ஆளு ஓஞ்சிட்டாருமா.”

முனிலட்சுமி குனிந்து பார்த்தாள். இடுப்பு உயரத்தில், ஈரச் சிமெண்டில், துணி நெசவு பதிந்திருந்தது. கை வைத்த பனியனின் முதுகு. கட்டிக்கொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்து சாய்ந்திருக்கிறார்; சாய்ந்தவர் எழுந்து மீதியைக் கட்டியிருக்கிறார். அந்தத் தடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஆறு நாள் கம்பெனி, ஏழாவது நாள் வீடு. வீடு முடிந்த பிறகு கொட்டகை. கொட்டகை முடிந்தபின் தண்ணீர்த் தொட்டி, வெங்கடம்மா வீட்டுக்கு ஒரு மதில். ஓய்வு வர நான்கு மாதம் இருக்கும்போது பஸ்ஸில் போனார். மறுநாள் விடுமுறை, அதுவும் அடக்கத்துக்குப் போய்விட்டது. இருந்த நாளில் ஒரு வியாழக்கிழமையாவது அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருந்ததாக அவளுக்கு நினைவில்லை. இப்போது ஏழு வியாழன் அவளும் சேர்ந்து அவரிடம் வேலை வாங்கியிருக்கிறாள்.

“ஒரு வாரம் இருங்க மேஸ்திரி” என்றாள். “போயிராதீங்க.”

அடுத்த புதன்கிழமை மதியச் சோற்றை முடித்து அடுப்பைக் கழுவினாள். சிலிண்டரைக் கழற்றினாள். இளம்பரிதி வண்டியோடு வந்து, அம்மா பாயைச் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்ததும் சாமானை ஏற்றினான். கொட்டகையில் சென்னப்பனின் கரண்டி மாட்டிய இடத்திலேயே இருந்தது. அதில் காய்ந்திருந்த கலவையைச் சுரண்டி எடுத்து, கழுவி, எண்ணெய் தடவி, பழந்துணியில் சுற்றி மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள். வேலை முடிந்த நாளில் சித்தாள் செய்கிற காரியம் அது. பிறகு சனிக்கிழமை இடித்துவிட்டிருந்த சுவரின் இடத்தில் வந்து நின்று, வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“நாளைக்கு எனக்கு இங்க சமையல் இல்லீங்க. ரூபா வூட்டுல சாப்புட்டுக்கறன். நீங்க வராதீங்க.”

வண்டியில் ஏறியபின் திரும்பிப் பார்க்கவில்லை என்று வெங்கடம்மா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அது உண்மையில்லை. இரண்டு முறை பார்த்தாள்.

வியாழக்கிழமை சூளகிரி மாடியில் பழக்கப்படி விடியும் முன்பே எழுந்தாள். செய்ய ஒன்றும் இல்லை. ரூபாவுக்கு முதுகு வலித்தது, தைலம் தேய்த்துவிட்டாள். எட்டு மணிக்குத் தங்கதுரை போனில் கூப்பிட்டார்.

“வர்லமா.”

“செரி” என்றாள்.

“கல்லு வெக்கட்டுமா?”

“வையுங்க.”

போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். கீழே கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மார்பு இறுகவில்லை. அழவும் இல்லை. இரண்டு வருடத்தில் அன்றுதான் அவர் இறந்த மாதிரி இருந்தது. அதைத் தாங்கிக்கொள்ளவும் முடிந்தது. மத்தியானம் படுத்தவள் மறுநாள் காலை வரை தூங்கினாள்.

அதன்பின் வேலை எல்லா வேலையும்போல் நடந்தது. ஆடியில் தரை மூன்றடி உயர்ந்தது, ஆவணியில் சுவர், புரட்டாசியில் மேல்தளம். ஒவ்வொரு சுவரும் தூக்குக்குண்டுக்கு முடியளவும் பிசகாமல் நின்றது. ஐப்பசியில் மழை பெய்து ரோட்டுத் தண்ணீர் வாசல்படிக்கு இரண்டு படி கீழே நின்ற நாளில் ரூபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கார்த்திகையில், குழந்தை பிறந்த முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின், சாவியைக் கொடுத்துவிட்டு நேராக வந்து பால் காய்ச்சிக் குடியேறினார்கள். புது வீடு நேராக இருந்ததால் முனிலட்சுமிக்குச் சில நாள் தலை சுற்றியது. நடக்கும்போது கிழக்கே சாய்ந்தே நடந்தாள்.

குடிவந்த இரண்டாவது வியாழக்கிழமை, சமையலறைக் கிழக்குச் சுவரின் அலமாரியிலிருந்து எண்ணெய் டின் நகர்ந்து விழுந்தது. இளம்பரிதி தங்கதுரையைக் கூப்பிட்டான். அவர் முகம் சிவக்க வந்து, தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். ஒரு கட்டைவிரல் அகலம், கிழக்கே. விரிசல் இல்லை, பூச்சு உதிரவில்லை. தன் வேலையில் அப்படி நடக்காது என்று சத்தியம் செய்துவிட்டு, மறுநாள் சித்தாள்களோடு வந்தார். வெள்ளிக்கிழமை சுவர் நேராக நின்றது. அடுத்த வியாழன் மீண்டும் வந்து, குண்டை விட்டு, சாய்வைப் பார்த்து, உள்பக்கம் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கையால் தடவினார். அந்த இடம் மட்டும் லேசாகச் சூடாக இருந்தது. நூலைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“குந்தியிருக்காரு. உடுங்க” என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு, செருப்பை வாசலுக்குப் போனபிறகே சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனார்.

இப்போது புதன்கிழமை சாயங்காலமானால் ரூபா அந்த அலமாரியில் இருக்கும் எண்ணெய் டின்னையும் கண்ணாடி ஜாடிகளையும் எடுத்து மேற்குப் பக்கம் வைத்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமை காலை திரும்ப அடுக்குகிறாள். தவழ ஆரம்பித்திருக்கும் குழந்தை வியாழக்கிழமைகளில் அந்தச் சுவரோரமாகப் போய்ச் சிரித்துக்கொண்டிருக்கும். முனிலட்சுமி சமையலறையைக் கூட்டும்போது சுவரடியில் மட்டும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்திருப்பவரைச் சுற்றிக் கூட்டுகிற மாதிரி, ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போகிறாள்.